இரவல் கனவு

மிர்த்தாவுக்குக் கனவு வராது. வேறு ஊராக இருந்தால் இது ஒரு குறையே அல்ல. படுத்தோம், எழுந்தோம் என்று போய்விடலாம். புவெனோஸ் ஐரெஸில், அதுவும் குவேமெஸ் சதுக்கத்தைச் சுற்றியுள்ள தெருக்களில் குடியிருந்துகொண்டு, எனக்குக் கனவு வராது என்று சொன்னால் தொப்புள் இல்லாதவளைப் பார்ப்பது போலப் பார்ப்பார்கள். இங்கே தடுக்கி விழுந்தால் ஒரு மனப்பகுப்பு டாக்டர் வீட்டு வாசலில்தான் விழ வேண்டும். காய்கறிக் கடையில் தக்காளி பொறுக்கிக்கொண்டே ஒருத்தி, கனவில் தன் அம்மாவைக் கொன்ற கதையைச் சொல்வாள். பின்னால் நிற்பவள், "எங்க டாக்டரு இதுக்கு வேற மாதிரி சொல்லுவாரு" என்று ஆரம்பிப்பாள். கடைக்காரர் பாட்டுக்குத் தக்காளியை எடை போட்டுக்கொண்டிருப்பார்.

மிர்த்தாவும் அவள் கணவர் ஒஸ்வால்தோவும் ரொம்ப காலம் பொத்தான் கடை வைத்திருந்தார்கள். பிள்ளை குட்டி இல்லை. ஒரு குளிர்காலத்தில் ஒஸ்வால்தோ மாரடைப்பில் போய்ச் சேர்ந்தார். கடையை விற்றாள். துக்கத்துக்கு யாராவது டாக்டரைப் பார் என்று நாலு பேர் சொன்னதால் டாக்டர் கிராவெட்ஸிடம் போனாள். செவ்வாயும் வெள்ளியும் சாயங்காலம் அவருடைய சோபாவில் படுத்துக்கொள்வாள். அவர் தலைமாட்டுக்குப் பின்னால், கண்ணில் படாத நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். திரும்பிப் பார்க்கக் கூடாது என்று யாரும் எழுதி வைக்கவில்லை, ஆனால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அவள் கூரையைப் பார்த்துப் பேசுவாள். நேரம் பார்த்து முடிக்கிற பழக்கம் அவரிடம் கிடையாது. ஏதாவது ஒரு வார்த்தை முக்கியம் என்று அவருக்குப் பட்டால் அந்த இடத்திலேயே, "இன்னைக்கு இத்தோட நிறுத்திக்கலாம்" என்று எழுந்துவிடுவார். அந்த வார்த்தையை மென்றுகொண்டே நாம் வீடு போக வேண்டும். பாதிப் பேச்சில் எழுந்து போவதை வேறு யார் செய்தாலும் அடிக்கப் போவோம். டாக்டர் செய்தால் அதற்குப் பெயர் வைத்தியம்.

மிர்த்தா அதற்கெல்லாம் கோபித்துக்கொள்ளவில்லை. வாரத்தில் அந்த இரண்டு நாள்தான் அவள் தொண்டைக்கு வேலை. ஒரு திங்கட்கிழமை பேக்கரியில் ரொட்டி கேட்க வாயைத் திறந்தாள். குரல் வரவில்லை, காற்றுதான் வந்தது. வெள்ளிக்கிழமை டாக்டரிடம் பேசியதற்குப் பிறகு யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. இருமுவது போல நடித்துச் சமாளித்தாள்.

எங்கள் ஊரில் ஜூலைதான் குளிர்காலம். அந்தக் குளிரில் ஒரு நாள் டாக்டர் சொன்னார். "நீங்க இப்ப நல்லா இருக்கீங்க மிர்த்தா. தூங்குறீங்க, சாப்பிடுறீங்க. கனவுன்னு ஒண்ணும் கொண்டு வர்றதில்ல. நாம முடிச்சுக்கிறதப் பத்தி யோசிக்கலாம்."

குணமாகிவிட்டது, போய் வா என்று டாக்டர் சொல்வது எங்கள் ஊரில் பெரிய விசேஷம். பேக்கரிக்கார ஸுலேமாவை அவளுடைய டாக்டர் அனுப்பியபோது கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் பிறை ரொட்டி சும்மா கொடுத்தாள். "இனிமே எங்கம்மாவ நெனச்சா எனக்கு ஒண்ணுமே செய்யல, இன்னொண்ணு எடுத்துக்கங்க" என்றாள். மிர்த்தாவும் ஒன்று வாங்கித் தின்றவள்தான். ஆனால் டாக்டர் தன்னிடம் அதையே சொன்னபோது அவள் கிழமைகளைத்தான் எண்ணினாள். செவ்வாய்க்கிழமை இல்லையென்றால் வெள்ளிக்கிழமையும் இல்லை. பிறகு எந்தக் கிழமையானால் என்ன. அவள் அன்றைக்கே முடிவு செய்தாள். எப்பாடு பட்டாவது கனவு காண வேண்டும்.

சீஸ் தின்றால் கனவு வரும் என்று யாரோ சொல்ல, தின்று பார்த்தாள். ஏப்பம்தான் வந்தது. சரி, நாமே ஒன்றைக் கட்டிவிடுவோம் என்று உட்கார்ந்து யோசித்து, அடுத்தவர் கனவுகளில் வந்ததாகக் காதில் விழுந்த எல்லாவற்றையும் அதில் போட்டாள். பாம்பு வந்தது, ஏணி வந்தது, பூட்டிய அறையும் சாவியும் வந்தன, கடைசியில் சுரங்கத்துக்குள் ரயிலும் போனது. டாக்டர் பின்னாலிருந்து ஒரு கொட்டாவியை அடக்குவது கேட்டது.

"பாம்பு என்ன நிறம்?" என்றார்.

அதை அவள் யோசித்திருக்கவில்லை. "பாம்பு நிறம்தான்" என்றாள்.

"இன்னைக்கு இத்தோட நிறுத்திக்கலாம்."

அவள் வசித்த கட்டடத்துக்கு ஃபெர்மின் என்று ஒரு வாட்ச்மேன் இருந்தார். வடக்கே கோயா ஊர்க்காரர், பரானா நதிக்கரை. தரைத்தளத்துச் சின்ன அறையில் தனிக்கட்டையாக இருந்தார். காலையில் குழாயை நீட்டி நடைபாதையைக் கழுவிவிட்டு, வாசல்படியில் உட்கார்ந்து மாத்தே போடுவார். சுரைக்குடுவையில் இலைத்தூளைக் கொட்டி, வெந்நீர் ஊற்றி, உலோகக் குழலால் உறிஞ்சுவது. முதல் குடுவை எட்டிக்காயாய்க் கசக்கும், அதைப் போடுகிறவரே குடித்துவிட வேண்டும். இரண்டாவதைத்தான் அடுத்தவருக்கு நீட்டுவது மரியாதை. மிர்த்தாவுக்கு எப்போதும் இரண்டாவதுதான் கிடைத்திருக்கிறது. ஒஸ்வால்தோ போனபின் அவள் வீட்டில் மாத்தே போடுவது நின்றுவிட்டது. ஃபெர்மின் நீட்டினால் நின்றபடி ஒரு குடுவை குடித்துவிட்டுப் போவாள்.

ஃபெர்மினுக்குக் கனவு கொட்டும். அவருக்கு அதெல்லாம் லாட்டரிச் சமாச்சாரம். எங்கள் லாட்டரியில் ஒவ்வொரு கனவுக்கும் ஓர் எண் உண்டு, சின்னப் பிள்ளைக்கும் தெரியும். தண்ணீர் என்றால் ஒன்று, குழந்தை இரண்டு, மீன் பத்தொன்பது, பேசுகிற பிணம் நாற்பத்தெட்டு.

"ராத்திரி எங்க வீட்டுக்குள்ள ஆறு வந்துருச்சு மிர்த்தாம்மா" என்றார் ஒரு காலையில். "எங்காத்தா மேசை மேல நின்னு மீன் பொரிக்கிறா. அடுப்பு தண்ணிக்கடியில எரியுது. நான் ஒத்தச் செருப்ப வச்சுக்கிட்டு இன்னொண்ணத் தேடுறேன். இப்ப சொல்லுங்க, தண்ணிக்குக் கட்டவா, மீனுக்குக் கட்டவா?"

"மீனுக்குக் கட்டுங்க" என்று வாய் சொன்னது. மனம் அடுப்பிலேயே நின்றுவிட்டது. தண்ணீருக்கடியில் எரிகிற அடுப்பு. இதை உட்கார்ந்து யோசித்தால் வருமா?

அன்று செவ்வாய்க்கிழமை. சோபாவில் படுத்ததும், "டாக்டர், ராத்திரி எங்க வீட்டுக்குள்ள ஆறு வந்துருச்சு" என்றாள். பின்னால் நாற்காலி கிரீச்சிட்டது. டாக்டர் முன்னால் நகர்ந்து உட்கார்ந்திருக்கிறார். இத்தனை நாளில் அந்த நாற்காலி அப்படிச் சத்தம் போட்டதே இல்லை.

அதற்குப் பிறகு அனுப்பிவிடும் பேச்சே எழவில்லை. மிர்த்தா தினமும் காலையில் பிஸ்கட் பொட்டலத்தோடு கீழே இறங்கினாள். "என்ன ஃபெர்மின், ராத்திரி ஏதாச்சும் உண்டா?" என்பாள். ஃபெர்மினும் கேட்க ஆள் கிடைத்ததில் விஸ்தாரமாகச் சொல்வார். சில நாள் வெறும் கையோடு திரும்புவாள். "நேத்து அடிச்சுப் போட்ட மாதிரி தூங்கிட்டேன்மா" என்று அவர் சொன்னால் இவளுக்குக் கோபம்கூட வந்தது. நல்ல தூக்கம் தூங்கிய மனிதன்மேல் கோபப்படுகிற அளவுக்குப் போய்விட்டாள். வசந்தம் முழுக்க ஃபெர்மினின் ஆறு டாக்டர் வீட்டுச் சோபாவில் ஓடியது. பொத்தான் கடை தவிர எதையும் காணாத, படகில் காலே வைக்காத பெண்மணி தூண்டில் பற்றியும் பரிசல் பற்றியும் பேசினாள். டாக்டர் இதை எப்படி நம்பினார் என்று கேட்டால், கனவுதான் எங்கேயும் போகுமே.

"கனவு நேரா வராது மிர்த்தா" என்றார் அவர் ஒரு தடவை, கொஞ்சம் குஷியாகவே. "வேற யாரோட சட்டையாவது மாட்டிக்கிட்டுத்தான் வரும். உள்ள இருக்குறது நீங்கதான்."

மிர்த்தா கூரையைப் பார்த்தபடி வாயை இறுக்கி மூடிக்கொண்டாள்.

டிசம்பர் வெயிலில் ஃபெர்மின் அந்தக் கனவைச் சொன்னார். அன்று சிரிக்கவில்லை. வெள்ளம், அவர் வீட்டுக் கூரைமேல் நிற்கிறார். எதிர்க்கரையில் ஒரு சிறுமி, பள்ளிக்கூடத்து வெள்ளைக் கோட்டு போட்டவள், முழங்கால் தண்ணீரில் நிற்கிறாள். அவரையே பார்க்கிறாள், ஆனால் கூப்பிடவில்லை. அவருக்குக் கையாட்ட வேண்டும். இரண்டு கையிலும் பெரிய மீன் துள்ளுகிறது.

"எதுக்குக் கட்டுவீங்க?" என்று மிர்த்தா கேட்டாள்.

"இன்னைக்குக் கட்டல" என்றார்.

வெள்ளிக்கிழமை டாக்டர் அந்தக் கனவை இரண்டு தரம் சொல்லச் சொல்லிக் கேட்டார். பிறகு மெதுவாகச் சொன்னார். "கையாட்டணும்னா மீன விட்டாகணும். அதுக்கு மனசு வரல. அந்தப் பொண்ணு ஏன் கூப்பிடல தெரியுமா? கூப்பிட்டுக் கூப்பிட்டு அலுத்துப்போயிருக்கும். இன்னும் அங்கயே நிக்குதுங்குறதுதான் விஷயம். இன்னைக்கு இத்தோட நிறுத்திக்கலாம்."

மிர்த்தா வீடு வரை அதைச் சுமந்துகொண்டு நடந்தாள். அவளுக்குக் குழந்தை கிடையாது, எதிர்க்கரையில் யாரும் கிடையாது. அடுத்தவர் அளவுக்குத் தைத்த கோட்டு தன் கைக்கு வந்துவிட்டது போலிருந்தது. உடையவர் யார் என்று தெரியும். கொடுத்தால், இத்தனை நாள் எடுத்துப்போன கதையையும் சொல்லியாக வேண்டும். அதன் பிறகு அவர் ஒரு கனவாவது சொல்வாரா? சொல்லாவிட்டால் டாக்டர் இவளை வைத்துக்கொள்வாரா? கிறிஸ்துமஸ் போனது, புத்தாண்டு போனது. தினமும் இரண்டாவது குடுவையை வாங்கிக் குடித்துவிட்டு, அவர் முகத்தைப் பார்க்காமல் மாடி ஏறினாள். ஒரு மனிதனுக்கு வந்த செய்தியை மடியில் கட்டிக்கொண்டு உலவுவது அவளுக்குத் தாங்கவில்லை. ஜனவரியில் ஒரு காலை, குழாயோடு நின்றவரிடம் போய்ச் சொல்லிவிட்டாள்.

ஃபெர்மினுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் சிரித்தார். "அடப்பாவமே. என் கனவ வச்சு நீங்க வைத்தியம் பாத்துக்கிறீங்களா? எனக்குப் பங்கு ஒண்ணும் கெடையாதா?"

"பங்கு இருக்கு. அதக் குடுக்கத்தான் வந்தேன்" என்று மிர்த்தா டாக்டர் சொன்னதை அப்படியே சொன்னாள். கையாட்ட வேண்டுமானால் மீனை விட வேண்டும் என்பது, சிறுமி கூப்பிட்டு அலுத்துப்போனது, இன்னும் அங்கேயே நிற்பது.

குழாய்த் தண்ணீர் நடைபாதையில் வழிந்து, சாக்கடைக்குப் போய்க்கொண்டே இருந்தது. அவர் மூடவில்லை. "தெல்மா" என்றார் கடைசியில். "வெள்ளக் கோட்டு போடுற வயசுலதான் அவள விட்டுட்டு வந்தேன். இப்ப அவளுக்கே பொண்ணு இருக்கும்." பிறகு குழாயைச் சுருட்டிக்கொண்டு உள்ளே போனார். அன்று மாத்தே போடவில்லை.

பிப்ரவரியில் லீவு எடுத்துக்கொண்டு ஊருக்குப் பஸ் ஏறினார். போகும்போது மிர்த்தாவின் கையைப் பிடித்து, "உங்க டாக்டருக்கு என் வணக்கத்தச் சொல்லுங்க" என்றார். திரும்பி வரவில்லை. மகள் வீட்டுப் பக்கத்திலேயே வேலை கிடைத்துவிட்டதாம். கட்டட நிர்வாகி அவர் இடத்தில் யாரோ ஒரு கம்பெனி ஆளைக் கொண்டுவந்து போட்டார். அவன் ரேடியோவைக் காதில் வைத்துக்கொண்டு நாற்காலியில் இருந்தான். நடைபாதை காய்ந்து கிடந்தது.

பிப்ரவரி என்றால் டாக்டர்கள் எல்லாரும் கடற்கரைக்குப் போய்விடுவார்கள். அந்த மாதத்தில் யாருக்கும் மனக்கஷ்டம் வரக் கூடாது என்பது எங்கள் ஊர் விதி. டாக்டர் கிராவெட்ஸும் போயிருந்தார். தெருவில் பாதி ஜன்னல்கள் மூடியிருந்தன. பேக்கரி வாசலில் லீவு என்று அட்டை தொங்கியது. மிர்த்தா ஜன்னல் கதவைச் சாத்தி, மின்விசிறிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். யாரோடாவது பேச வேண்டும் போலிருந்தது. ஃபெர்மினிடம் சொல்லாமலே இருந்திருக்கலாமே என்று ஒரு நாள் நினைத்தாள். நினைத்ததற்காகத் தன்னையே திட்டிக்கொண்டாள். தனியாக இருப்பது பழகிவிட்டது என்று எண்ணியிருந்தாளே, அது பொய்.

அந்தப் புழுக்கத்தில்தான் அவளுக்குக் கனவு வந்தது. அவளுடையது, சொந்தக் கனவு. பெரிதாக ஒன்றுமில்லை. பொத்தான் கடை, சாயங்காலம். ஒஸ்வால்தோ தொப்பியை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறார். "நீ பூட்டிட்டு வா. நான் முன்னாடி போயி தண்ணி வைக்கிறேன்" என்கிறார். போகிறார். அவள் பூட்டுகிறாள். அவ்வளவுதான். உயிரோடு இருந்த காலமெல்லாம் அவர் தினமும் சொன்னது அது. முன்னால் போய்க் கெட்டிலை வைத்து, கசக்கும் முதல் குடுவையைத் தான் குடித்துவிட்டு, அவள் வரும்போது இரண்டாவதை நீட்டுவார்.

விழித்ததும் யாரிடம் சொல்வது என்று தெரியாமல் வீட்டுக்குள் அறை அறையாக நடந்தாள். மறந்துவிடுமோ என்ற பயத்தில், மாதம் முடியும் வரை தினமும் காலையில் சமையலறையில் நின்று அந்தக் கனவை வாய்விட்டுச் சொன்னாள்.

மார்ச் முதல் செவ்வாய்க்கிழமை சோபாவில் படுத்தாள். எதையும் விடாமல் சொன்னாள். நாற்காலி கிரீச்சிடவில்லை.

"இவ்வளவுதானா?" என்றார் டாக்டர்.

"இவ்வளவுதான்."

"ஆறு எங்க போச்சு? அந்தப் பொண்ணு?" நோட்டைப் புரட்டும் சத்தம் கேட்டது. "இது உங்க கனவு மாதிரி இல்லையே மிர்த்தா. ரொம்ப சுத்தமா இருக்கு. கட்டிச் சொல்ற மாதிரி இருக்கு. எங்கிட்ட எதையோ மறைக்கிறீங்க. இன்னைக்கு இத்தோட…"

"டாக்டர்" என்றாள் அவள். அவர் பேச்சை அவள் வெட்டியது அதுதான் முதல் தடவை. "இது ஒண்ணுதான் என்னோடது."

சொல்லிவிட்டு, எழுந்து உட்கார்ந்து திரும்பிப் பார்த்தாள். வெயிலில் மூக்குத் தோல் உரிந்த ஒரு வயதான மனிதர், பேனாவைப் பிடித்தபடி இருந்தார். இத்தனை காலம் பேசியது இவரிடமா என்று இருந்தது. அவள் எல்லாவற்றையும் சொன்னாள். வாட்ச்மேன், லாட்டரி, பிஸ்கட், எதையும் ஒளிக்கவில்லை.

"அப்ப அந்தச் சின்னப் பொண்ணும் உங்களோடது இல்லையா?" என்றார் அவர். குரல் டாக்டர் குரலாக இல்லை. "பிப்ரவரி பூரா கடலப் பாத்துக்கிட்டு அவளப் பத்தித்தான் நெனச்சுக்கிட்டிருந்தேன்." சொன்ன பிறகுதான், சொல்லக் கூடாததைச் சொல்லிவிட்டது அவருக்கே தெரிந்தது. பேனாவை மூடினார். "யாரு அவ?"

"ஃபெர்மினோட மக. பேரு தெல்மா. நீங்க சொன்னத நான் அவர்கிட்ட சொன்னேன். அவரு மீன விட்டுட்டுப் போயிட்டாரு. உங்களுக்கு வணக்கம் சொல்லச் சொன்னாரு."

டாக்டர் தலையை ஆட்டினார், முகம் தெரியாத யாருக்கோ பதில் வணக்கம் சொல்வது போல. சதுக்கத்துச் சர்ச்சில் மணி அடித்து ஓய்ந்தது.

"இனிமே என்னைய அனுப்பிருவீங்களா?" என்று மிர்த்தா கேட்டாள்.

அவர் சோபாவைக் காட்டினார். "படுத்துக்கங்க" என்றார். அவள் படுத்துக்கொண்டாள். "உங்க வீட்டுக்காரரு முன்னாடி போயிட்டாரு. தண்ணி வைக்கப் போயிருக்காரு. நீங்க என்ன பண்றீங்க?"

மிர்த்தா கூரையைப் பார்த்தாள். பதில் அவளுக்குத் தெரிந்திருந்தது. இத்தனை வருஷமாகத் தெரிந்திருந்தது. யாரும் கேட்கவில்லை.

"பூட்டிக்கிட்டே இருக்கேன் டாக்டர்" என்றாள். "இன்னும் பூட்டிக்கிட்டேதான் இருக்கேன்."

அந்த இடத்தில் அவர் நிறுத்துவார் என்று காத்திருந்தாள். அவர் நிறுத்தவில்லை. அவள் அழுது முடிக்கும் வரை உட்கார்ந்திருந்தார். அடுத்தவர் வந்து வாசல் மணியை அடித்தார், மறுபடியும் அடித்தார். அதற்கப்புறம்தான், "வெள்ளிக்கிழமை வாங்க" என்றார்.

வீட்டுக்கு வந்தபோது நடைபாதை அப்படியே காய்ந்து கிடந்தது. கம்பெனி ஆள் தலையை நிமிர்த்தவில்லை. மாடி ஏறிப்போய், அலமாரியின் பின்பக்கத்திலிருந்து ஒஸ்வால்தோவின் குடுவையை எடுத்தாள். தூசியைத் துடைத்து, இலைத்தூளைப் போட்டு, கெட்டிலை அடுப்பில் வைத்தாள். தண்ணீர் சூடேறும் வரை அடுப்புப் பக்கத்திலேயே நின்றாள். ஊற்றிவிட்டு, முதல் குடுவையை எப்போதும் குடிக்கிறவரிடம் நீட்டப் போனாள். எதிரில் சுவர்தான் இருந்தது. மேசைமுன் உட்கார்ந்து முதல் குடுவையைக் கடைசிச் சொட்டு வரை அவளே குடித்தாள். அது இவ்வளவு கசக்கும் என்று ஒஸ்வால்தோ ஒரு நாளும் சொன்னதில்லை.